அது யாருடைய ஊழியம்?



எபேசியர் 4:11-13-ல் வருகிற ஊழியங்களை நாம் விரல் விட்டு எண்ணுவோம். அப்போஸ்தலர், தீர்க்கதரிசி, சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர். ஆளுக்கு ஒரு விரல் என்று நானே வாலிபர் கூட்டத்தில் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் தமிழ் வேதாகமத்தை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். அந்த வசனங்களில் ‘சிலரை’ என்ற வார்த்தை நாலு தரம்தான் வருகிறது. மேய்ப்பரும் போதகரும் ஒன்றாய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கிரேக்க மூலத்திலும் அப்படித்தான்.

அப்போஸ்தலர் 20-ல் பவுல் வரவழைத்த எபேசு சபையின் மூப்பர்களையே, 28-ம் வசனத்தில் கண்காணிகள் என்றும் மந்தையை மேய்க்கிறவர்கள் என்றும் சொல்லுகிறார். ஆட்கள் அதே ஆட்கள்தான். பந்தி விசாரணைக்குத் தெரிந்துகொள்ளப்பட்ட பிலிப்பு, 21:8-ல் சுவிசேஷகன் ஆகிவிடுகிறான். அவன் குமாரத்திகள் நாலுபேரும் தீர்க்கதரிசனம் சொல்லுகிறார்கள். ஒரே வீட்டுக்குள் எத்தனை ஊழியம் பாருங்கள்!

நம்ம பனியன் கம்பெனியிலும் கட்டிங் மாஸ்டர், டைலர், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஆளுக்கு ஒரு வேலை உண்டு. ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் டைலரும் பிசிறு வெட்ட உட்காருகிறார். அதனால் அவர் டைலர் இல்லாமல் போய்விடுவதில்லை.

இதெல்லாம் தெரிந்த நான்தான் தவறினேன். எங்கள் சபையில் கைமடி வேலை செய்கிற ஒரு சகோதரி மூன்று வாரமாய் ஆராதனைக்கு வரவில்லை. போய்ப் பார்த்து வாருங்கள் என்று ஒரு தாயார் என்னிடம் சொன்னார்கள். “எனக்குக் கொடுத்தது பிரசங்க வரம்ங்க, வீடு சந்திக்கிறது பாஸ்டர் வேலை” என்றேன். பாஸ்டரிடமும் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவந்து போனபோது வீடு பூட்டியிருந்தது. பிள்ளைக்கு சுகமில்லாமல், கையில் பணமில்லாமல், ஊருக்கே போய்விட்டார்களாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளைப் பற்றி அப்போதுதான் யோசித்தேன். கூடாரம் பண்ணுகிற தொழில், நம்மைப்போல உழைத்துச் சாப்பிட்டவர்கள். பவுலைத் தங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். வல்லமையாய்ப் பேசின அப்பொல்லோவையே உட்காரவைத்து உபதேசித்தார்கள். அவர்கள் வீட்டிலே சபை கூடினது. இவர்களுக்கு என்ன பட்டம்? வேதம் ஒன்றும் சொல்லவில்லை.

நம் தமிழ்நாட்டிலேயே திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் ஐயா இருந்தார். மிஷன் சம்பளம் இல்லாமல் விசுவாசத்தினால் ஊழியம் செய்தவர். ஊர் ஊராய் சுவிசேஷம் சொன்னார், கிறிஸ்டியன்பேட்டையில் சபையையும் பார்த்துக்கொண்டார். 1860-ல் அங்கே எழுப்புதல் உண்டானபோது ஆண்களும் பெண்களும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அந்நிய பாஷை பேசினார்கள், சாதாரண விசுவாசிகள் சுவிசேஷம் சொல்லக் கிளம்பினார்கள். நமக்கு அசூசா தெருவின் 1906-தான் தெரியும். அதற்கு 46 வருஷம் முந்தியது இது.

இப்போது ஞாயிறு சாயங்காலம் லைன் வீடுகளுக்குப் போய் ஜெபித்து வருகிறேன். போன வாரம் ஒரு வீட்டில், “நீங்க பாஸ்டருங்களா?” என்று கேட்டார்கள்.

“இல்லீங்கம்மா, செக்கிங்ல இருக்கிறேன்” என்றேன். பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள்.