கொக்கு விற்கிறார்கள், காரை நிறுத்தாதீர்கள்: ஐப்பசி, கார்த்திகைக்கான குறிப்பு

மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கரணையிலும் கேளம்பாக்கம் கழிவெளியிலும் வலசைப் பறவைகள் இறங்க ஆரம்பித்துவிட்டன. மயிலாப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேடந்தாங்கல், முட்டுக்காடு என்று கிளம்புகிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: அதே தண்ணீரைத் தேடி வலையும் நாட்டுத்துப்பாக்கியுமாகச் சிலர் வருவார்கள்.

புறநகர்ச் சாலையோரத்தில் ஒருவர் பறவைகளைக் காலைக் கட்டிக் கொத்தாகத் தொங்கவிட்டு நிற்பார். "கௌதாரி சார், காடை சார்" என்பார். உற்றுப் பாருங்கள். முதுகு பழுப்பு, இறக்கையை விரித்தால் பளீர் வெள்ளை என்றால் அது மடையான் கொக்கு. கண்ணிமையை நூலால் தைத்த ஒரு கொக்கை வயலில் நிறுத்தி, அதைப் பார்த்து இறங்குகிற மற்றவற்றைப் பிடிப்பது பழைய வித்தை. காரை நிறுத்தாதீர்கள், பேரம் பேசாதீர்கள். பாவம் பார்த்து வாங்கிப் பறக்கவிடவும் வேண்டாம். விற்பவருக்கு அதுவும் வியாபாரம்தான். பண்ணைக் காடை வேறு விஷயம், அதை ஓட்டலில் சாப்பிடலாம்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமம் பெற்ற வேட்டையை அனுமதித்தது. 1991 திருத்தம் அந்தக் கதவை மூடியது. இன்று கண்ணி வைப்பதும் முட்டை எடுப்பதும்கூட வேட்டைதான். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தின் பட்டியலில் மேல்தட்டில் உள்ள உயிரினம் என்றால் தண்டனை இன்னும் கூடும். வலை வைத்தவர் பிடிபடுகிறார், வாங்கித் தின்றவர் வீடு போய்ச் சேர்கிறார் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

வேட்டை விதி பற்றிய வழக்கு நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அவர்கள் கணக்கு அது.

காட்டுப்பன்றி விவகாரத்திலும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு விதி அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கும் அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி தானே சுட அனுமதி கிடையாது. சுடுவதை எதிர்த்து வாட்ஸ்அப்பில் வரும் மனுவுக்குக் கையெழுத்துப் போடுமுன், நாகேஸ்வரராவ் பூங்காவில் நடந்தபடி தீர்ப்புச் சொல்லுமுன், ஒரே ராத்திரியில் கடலைக்கொல்லை முழுக்கப் பறிகொடுத்தவனையும் நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குள்ளும் வேலை உண்டு. கூண்டில் பச்சைக்கிளி இருந்தால் கிண்டியில் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். அதை வளர்ப்பது குற்றம். நீங்களே பறக்கவிட்டால் காக்கை கொத்திவிடும். இந்த மாதங்களில் பல வண்ணத்தில், வால் குட்டையாக ஒரு பறவை பால்கனியில் சோர்ந்து கிடந்தால் அது வலசை வந்த ஆறுமணிக்குருவி. காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெம்பு வந்ததும் மரம் அடர்ந்த இடத்தில் விடுங்கள். வராவிட்டால் கிண்டிக்கே கொண்டுபோங்கள்.

வலையோடோ துப்பாக்கியோடோ யாரையாவது கண்டால் நெருங்கிச் சண்டைக்குப் போக வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள். அவர்களுடைய எண்களை இந்த ஞாயிறு கிளம்புமுன்பே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.