விலங்குச் சோதனை: அறிவும் அருளும்

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ கற்போர் நெஞ்சை உருக்குவதாகும். வேடனிடம் அகப்பட்ட பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பும்வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். சொன்ன சொல் தவறாது மானும் கன்றுடன் மீள்கிறது. பிறர் கையில் அகப்பட்ட உயிருக்குப் பிணை நிற்பவர் எவர் என்னும் வினா, மருத்துவ ஆய்வுக் கூடங்களுக்கும் உரியதே. அவற்றின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

அரபியர் ஜாலினூஸ் என்றழைத்த கிரேக்க மருத்துவர் கேலன், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் பலர் முன்னிலையில் உயிருள்ள பன்றியின் கழுத்து நரம்பைத் துண்டித்தார். கதறிய பன்றி அக்கணமே குரலிழந்தது. குரலுக்கும் நரம்புக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு மெய்ப்பட்டது. ஆயினும் விலங்குடலில் கண்டதை மனித உடலுக்கும் பொருத்தி அவர் தவறினார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவர் கருத்து. எகிப்தில் பஞ்சத்தால் மாண்டோரின் எலும்புகளை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேரிற்கண்ட அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி, அது ஒரே எலும்பு என்று எழுதினார். விலங்கு மனிதனின் நேர்ப்படி அன்று.

கேலனின் பன்றிக்கு மாறாக, அந்தலூசியாவின் ஆடு ஒன்றை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். மூச்சுக்குழலை அறுத்தால் உயிர் தங்குமா என்பது பண்டை மருத்துவரிடையே ஐயமாக இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னு ஸுஹ்ர், ஓர் ஆட்டின் மூச்சுக்குழலில் சிறு துளையிட்டார். பின்னர், நீரும் தேனும் கொண்டு அப்புண்ணைத் தொடர்ந்து கழுவி ஆற்றினார். ஆடு முற்றும் நலம்பெற்று நெடுநாள் வாழ்ந்தது என அவரே ‘தைஸீர்’ என்னும் நூலில் குறித்துள்ளார். வலியற்ற சோதனை அன்று அது. எனினும் தேவை மெய்யானது. அறுத்த கையே புண் ஆறும்வரை உடனிருந்தது. நம் கருத்தில், கேலனின் புகழினும் இது பெரிது.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கிளாட் பெர்னார்டு போன்றோர் உயிரறுப்பை அறிவியலின் நெறியாகவே ஆக்கினர். அவருடைய மனைவியே அவரைப் பிரிந்து, அச்செயலை எதிர்ப்போருடன் சேர்ந்தார். இங்கிலாந்து 1876இல் சட்டமியற்றி, சோதனை செய்வோர் உரிமம் பெற வேண்டுமெனப் பணித்தது.

அங்ஙனமாயின் அனைத்தையும் அடியோடு தடுத்துவிடலாமே எனில், அதுவும் எளிதன்று. 1937இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபனிலமைடு மருந்தை நச்சுத் திரவமொன்றில் கரைத்து, விலங்குகளிடத்தும் சோதித்துப் பாராமல் விற்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குழந்தைகளும் அவருள் அடங்குவர். விற்குமுன் மருந்தின் தீங்கின்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் 1938ஆம் ஆண்டுச் சட்டம் இத்துயரின் விளைவே.

ஆனால் 1944இல் அறிமுகமான டிரெய்சு சோதனையை என்னென்பது! முயல்களின் கண்ணில் பொருளை இட்டு, அது சிவந்து புண்ணாகும் அளவைக் குறிப்பது அது. ஷாம்புக்கும் முகப்பூச்சுக்கும் இம்முறை கையாளப்பட்டது. இஸ்லாமியச் சட்டநூலார் ‘ளரூரத்’ என்னும் இன்றியமையாத் தேவையையும், ‘தஹ்ஸீனியாத்’ என்னும் அழகு சேர்க்கும் தேவையையும் வேறுபிரித்துக் காண்பர். உயிருள்ளதை அம்பெய்யும் இலக்காக்குவதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, கூந்தலின் பளபளப்புக்காக ஒரு கண்ணைப் புண்ணாக்குவது எந்த வகையில் அடங்கும்? ஐரோப்பிய ஒன்றியம் 2013இலும் இந்தியா 2014இலும் அழகுப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையைத் தடைசெய்தன.

ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1959இல் வகுத்த நெறி மூன்று: மாற்று வழி தேடுதல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல். அடுத்த ஆண்டே இந்தியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. மாநிலங்களவையில் இதற்கென முதலில் தனிநபர் மசோதா கொணர்ந்தவர், சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் என்பது நாம் பெருமையுடன் கூறத்தக்கது. மருந்துச் சோதனையை அச்சட்டம் தடுக்கவில்லை. மயக்கமருந்து தந்து செய்க என்றது. நூலும் மாதிரியும் படமும் போதுமாயின் கல்லூரிகளில் விலங்குகளைத் தவிர்க்க வேண்டும் என்றும் அன்றே உரைத்தது. விலங்கியல் வகுப்புகளில் அறுப்பதைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு பணித்தது 2014இல். இடைப்பட்ட 54 ஆண்டுகளும் கல்லூரி மேசைகளில் தவளைகள் அறுபட்டுக்கொண்டே இருந்தன.