ஓடாத வண்டிக்கும் சர்வீஸ் உண்டு

கேள்வி: டூரிஸ்ட் வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சிங்க், ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாம் வைத்துக் கேம்பர் வேனாகப் பாடி கட்டி வைத்திருக்கிறோம். மூன்று ஆண்டில் 9,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. முதல் ஆண்டு ஒரு குறையும் இல்லை. இப்போது சீசனுக்குக் குற்றாலம் போய் ராத்திரி தங்கினால் நடுச்சாமத்தில் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. காலையில் இன்ஜினைப் போட்டதும் ஓடுகிறது. உள்பக்க பேட்டரியை மாற்றியும் அதே கதைதான். சாரலில் கூரை ஒழுகுகிறது. கொஞ்ச நாள் நிறுத்திவைத்து எடுத்தால் பின்சக்கரம் பிடித்துக்கொள்கிறது. வாரம் தவறாமல் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்துதான் வைக்கிறேன். இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு ஏன் இத்தனை கோளாறு? லித்தியம் பேட்டரி போட்டால் தீருமா?

வாசகர், சுரண்டை

பதில்: குறைவாக ஓடியதுதான் காரணம். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறும் வெவ்வேறு இடத்தில் தலைகாட்டினாலும் வேர் ஒன்றே: வண்டி மாதக்கணக்கில் நிற்கிறது. தினமும் சவாரி போகும் வேன்காரர் கிலோமீட்டரைப் பார்த்துப் பராமரித்தால் போதும். அவர் வண்டியில் டயர் வெடிப்பு விடுவதற்கு முன்பே தேய்ந்துவிடும். பிரேக் ஆயில் ஈரம் குடிப்பதற்கு முன்பே லைனிங் வேலை வந்து ஆயிலும் மாறிவிடும். உங்கள் வண்டியில் தேய்மானம் குறைவு, முதுமை அதிகம். வண்டியோடு வந்த சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது என்று இருக்கும். நம்மில் பெரும்பாலோர் கிலோமீட்டரை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். கேரவன் என்றாலே நம் ஊரில் சினிமா ஷூட்டிங் வண்டிதான் நினைவுக்கு வரும்; அதுவும் பகலெல்லாம் நிற்கிற வண்டிதானே என்று கேட்கலாம். ஆனால் அதில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், டிரைவர் கூடவே கிடப்பார், படம் முடிந்தால் அடுத்த ஊருக்குப் போகும். கேட்பாரற்று ஒரே இடத்தில் நிற்கும் வண்டியோடு அதைச் சேர்க்க முடியாது.

முதலில் ஃபிரிட்ஜ். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒன்று ஓடும்போது 4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் ராத்திரி பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணி. மின்விசிறி, விளக்கு, போன் சார்ஜ் என்று இன்னொரு 20. ஆக மொத்தம் 40. நூறு ஆம்பியர்-மணி பேட்டரி நிறைந்திருந்தால் இதைத் தாங்கிக்கொண்டு விடியும்வரை நிற்கும். நடுச்சாமத்திலேயே நின்றுவிடுகிறது என்றால் குற்றாலம் போய்ச் சேரும்போதே பேட்டரி நிறைந்திருக்கவில்லை. எப்படி நிறையும்? சுரண்டையிலிருந்து தென்காசி வழியாகக் குற்றாலம் முக்கால் மணி நேர ஓட்டம். ஆல்டர்னேட்டரிலிருந்து ரிலே வழியாக உள்பேட்டரிக்கு 15 ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் முக்கால் மணியில் ஏறுவது 11 ஆம்பியர்-மணிதான். பிஎஸ்-6 வண்டிகளில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் இருந்தால் இதுவும் கிடைக்காது. வண்டியின் சொந்த பேட்டரி நிறைந்ததும் அது வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். கூரையில் சோலார் இருந்தாலும் சீசன் நாட்களில் மலைமேல் மேகம் கவிந்து கிடக்கிறது. அருவிக்கரையில் நீங்கள் தேடிப்பிடித்து நிறுத்தும் மரநிழல் வேறு. திரும்பி வந்ததும் பாதி காலியான பேட்டரியை அப்படியே விட்டுவிடுகிறீர்கள். ஈய-அமில பேட்டரிக்கு இதைவிடக் கேடு கிடையாது. அரைகுறை சார்ஜில் கிடக்கும்போது தட்டுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, பிடிப்புத் திறன் குறைந்துகொண்டே போகும். புதிதாக மாற்றிய பேட்டரிக்கும் அதே கதி நேர்ந்ததில் வியப்பில்லை. ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே ஒருநாளும் நிற்க விடாதீர்கள். வண்டி நிற்கும் இடத்திலேயே வீட்டுக் கரண்டில் ஓடும் தானியங்கி சார்ஜர் ஒன்றை நிரந்தரமாக மாட்டிவைப்பது, ஆண்டுக்கொரு பேட்டரி வாங்குவதைவிடச் செலவு குறைவு.

ஆனால் பேட்டரியோடு விஷயம் முடியவில்லை. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை வைத்து இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள்: பேட்டரி முனைகளில் ஒன்று, ஃபிரிட்ஜின் பின்னால் வயர் சேரும் இடத்தில் ஒன்று. வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் வயரை விட்டுவிடலாம். அதற்கு மேலே போனால் கோளாறு வழியில் இருக்கிறது. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரையே வேனிலும் இழுத்துவிடும் பட்டறைகள் உண்டு. அந்தச் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.0074 ஓம் தடை. பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் 6 மீட்டர் என்றால், போக வர 12 மீட்டர்; தடை ஏறக்குறைய 0.09 ஓம். ஐந்து ஆம்பியர் ஓடினால் 0.44 வோல்ட் வயரிலேயே போய்விடும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் கரண்ட் இரட்டிப்பானால் 0.9 வோல்ட். வீட்டின் 230 வோல்ட்டில் இந்த இழப்பு யார் கண்ணுக்கும் படாது. 12 வோல்ட்டில் இது பெரிய ஓட்டை. இத்தகைய ஃபிரிட்ஜ்கள் பலவும் பத்தரை வோல்ட் அளவுக்கு இறங்கியதும் பேட்டரியைக் காப்பாற்றத் தானாக நின்றுவிடும். அப்போது பேட்டரி முனையில் பதினொன்றரைக்கு மேலேகூட இருக்கலாம். காலையில் இன்ஜினைப் போட்டதும் வோல்டேஜ் 14-ஐ நெருங்குகிறது, இழப்பு போக மிச்சம் தாராளம், ஃபிரிட்ஜ் ஓடுகிறது.

அப்படியானால் இது பாடி கட்டியவர் செய்த தப்பு, வண்டி நின்றதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் மறுக்கலாம். வயர் மெலிசு என்பது அவர் தப்புதான். ஆனால் அதே மெலிசு வயரில் முதல் ஆண்டு முழுவதும் ஃபிரிட்ஜ் ஓடியிருக்கிறதே. அன்று பேட்டரி புதிது, 12.7-இல் தொடங்கியது, வயர் முனைகளின் லக் எல்லாம் செம்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. வயரில் போனது போக மிச்சம் இருந்தது. பிறகு இரண்டு சாரல் காலம் வண்டி ஈரக்காற்றில் நின்றது. ஃபியூஸ் ஹோல்டரிலும், பெயின்டைச் சுரண்டாமல் முறுக்கிய எர்த் போல்ட்டிலும், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளிலும் பச்சை பூத்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜை விழுங்கத் தொடங்கியது. பட்டறை விட்ட குறையை வெளியே இழுத்துப் போட்டது, வண்டி நின்றதுதான். ஃபிரிட்ஜுக்குத் தனியாக 6 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, லக்கைக் கருவியால் அழுத்திப் பூட்டி, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, எர்த்தையும் வயராகவே பேட்டரிவரை கொண்டுபோங்கள். முன்பு 0.44 இழந்த இடத்தில் இனி 0.2-க்குள் நிற்கும். லித்தியம் பேட்டரி இந்த வயரைச் சரிசெய்யாது. அதன் வோல்டேஜ் கடைசிவரை 13-ஐ ஒட்டி நிற்பதால் வயரின் குறை கொஞ்சநாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான். பாதி சார்ஜில் கிடப்பதை லித்தியம் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை, அந்த விதத்தில் உங்களுக்கு ஏற்றதே. ஆனால் பழைய ரிலேயை அப்படியே வைத்து லித்தியத்தைக் கோத்தால் அது ஆல்டர்னேட்டரை உறிஞ்சிச் சூடாக்கிவிடும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் அவசியம். சித்திரை வெயிலில் வெந்து நிற்கும் வண்டியில், படுக்கைக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் லித்தியத்தைச் சார்ஜ் ஏற்றுவதும் அதன் ஆயுளுக்கு நல்லதல்ல. முதலில் வயர், அடுத்து சார்ஜர், அதன் பிறகும் தேவையென்றால் லித்தியம்.

வாரம் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன் என்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், பலன் நேர்மாறு. இசியூ, அலாரம், ஜிபிஎஸ் என்று நிற்கும்போதும் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் வாரத்துக்கு 8 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். ஐடிலிங்கில் பத்து நிமிடத்தில் திரும்ப ஏறுவது இரண்டு ஆம்பியர்-மணி இருந்தால் பெரிது. அதோடு ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது சூட்டோடு போய்விடும். பத்து நிமிடத்தில் அணைத்தால் சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தேங்கித் துருவாகும். டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டியில் கரி எரிவதற்கு 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஐடிலிங்கில் அது கனவு. வாரந்தோறும் நிறுத்திய இடத்திலேயே உறுமவிடுவதை விட்டுவிட்டு மாதம் ஒருமுறை ஓட்டுங்கள். சங்கரன்கோவில், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று சுற்றி வந்தால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி, பிரேக், டயர் அத்தனையும் ஒரே ஓட்டத்தில் உடம்பு சூடேறித் திரும்பும். டீசல் செலவாகுமே என்றால், ஆகும். இந்த வண்டியை வைத்துக்கொள்வதன் விலையில் அதுவும் ஒரு பகுதி.

பின்சக்கரம் பிடிப்பது எளிய விஷயம். மழையில் நனைந்து வந்த வண்டியை அப்படியே ஹேண்ட்பிரேக் போட்டு விட்டால் லைனிங் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து வையுங்கள். பிரேக் ஆயில்தான் உயிர் விஷயம். அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும் சரக்கு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் குடித்துக்கொண்டே இருக்கும். டாட்-4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய நிலைக்கு அந்த அளவு 155 மட்டுமே. ஆரியங்காவிலிருந்து புளியரை எஸ் வளைவு வழியாக, படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் சுமந்த வண்டி பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கும்போது ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள், கிலோமீட்டர் கணக்கே வேண்டாம். டயரும் அப்படித்தான். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரம். பட்டன் முழுசாக இருக்கிறது என்று மகிழாதீர்கள். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுதோறும் கழற்றிப் பார்க்க வேண்டும், பத்தைத் தொடவே விடக்கூடாது.

கூரைக்கு வருவோம். 5 மீட்டர் அலுமினியத் தகடு 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே உங்கள் கூரை அதற்கு மேலேயே சூடேறும். ஆக, வண்டி ஓடாமல் நின்றாலும் கூரை தினமும் நீண்டு சுருங்குகிறது. காற்றுப்போக்கி, சோலார் சட்டம், ஏசிப் பெட்டி ஆகியவற்றின் ஓரத்தில் பூசிய சீலன்ட் வெயிலில் இறுகி, ஒருநாள் மயிரிழை வெடிப்பு விடும். ஜூன் பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருவது நேராகப் பெய்யும் மழையல்ல. காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று சாரலைப் பக்கவாட்டில் அடித்து, இடுக்கில் திணிக்கும். ஒழுகும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. பிளைவுட் வழியே நீர் நாலடி நடந்துவந்துதான் சொட்டும். கண்டுபிடிக்க ஒருவர் உள்ளே இருக்கட்டும், இன்னொருவர் ஹோஸ் பிடிக்கட்டும். கீழிருந்து மேலாக, ஓர் இணைப்புக்கு ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒருசேர நனைந்து எதுவும் தெரியாது. பழைய சிலிகான் மேலே புது சிலிகானைப் பூசாதீர்கள், ஒட்டாது. சுரண்டித் துடைத்து, ஈரம் காய்ந்தபின் பாலியூரித்தேன் சீலன்ட் போடச் சொல்லுங்கள். இதை மே மாதக் கடைசியில் செய்தாக வேண்டும். சமையலுக்கு வண்டியில் காஸ் வைத்திருந்தால் அன்றே இன்னொன்றும் பாருங்கள்: எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் உள்ள துளையைத் தூசி வருகிறது, எலி வருகிறது என்று அடைத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பி வலை போடலாம், அடைக்கக் கூடாது.

நின்றால்தானே கெடும், வாடகைக்கு விட்டால் ஓடிக்கொண்டே இருக்குமே என்று அடுத்த கேள்வி வரும். பக்கத்துக் கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கையே அறிவித்த பிறகு இந்த எண்ணம் பலருக்கும் உண்டு. ஆனால் வெள்ளை நம்பர் பிளேட்டில் சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு விட முடியாது. அதற்குப் பெர்மிட், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் வேறு. உங்கள் பதிவுச் சான்றிதழில் கேம்பர் வேன் என்று ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. வயரிங்கில் தீப்பிடித்து நஷ்டஈடு கேட்டுப் போனால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் புரட்டுவது அந்தச் சான்றிதழைத்தான்.