மதுவும் வாகனமும்: சட்டத்தின் கட்டளையும் கைதானவரின் உரிமையும்

மது, மாமிசம், தேன் ஆகியவற்றை நீக்குதல் இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களில் அடங்கும். அவ்வாறிருக்க, மதுவருந்தி வாகனம் ஓட்டுவோரைப் பற்றிய சட்டம் நமக்கு எற்றுக்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் சற்றுச் சிந்திப்போம். பொன்னூர் மலைக்கும் மேல்சித்தாமூருக்கும் குடும்பத்தோடு வாடகை வேனில் செல்கின்றோம்; அதனை ஓட்டுபவர் பிறர். நெல் ஏற்றிச் செல்லும் டிராக்டருக்கு ஓட்டுநரை அமர்த்துகின்றோம். வண்டியின் பதிவுச் சான்று நம் பெயரில் உள்ளது. நகரங்களில் பயிலும் நம் பிள்ளைகள் நண்பரது மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்கின்றனர். மதுவையே தொடாதவரும் இரவில் சாலைச் சோதனையில் நிறுத்தப்படலாம். ஆகவே இச்சட்டம் நம் இல்லங்களுக்கு வெளியே நிற்பது அன்று.

இக்கட்டுரையில் இரண்டினைக் காண்போம். ஓட்டுநரிடம் சட்டம் எதனை எதிர்பார்க்கின்றது என்பது ஒன்று. அவர் கைது செய்யப்பட்டால் அவருக்கு என்னென்ன உரிமைகளை அளிக்கின்றது என்பது மற்றொன்று.

குற்றம் யாது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இதனை வரையறுக்கின்றது. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மதுச்சாரம் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவதோ, ஓட்ட முயல்வதோ குற்றமாகும். ஓட்டுநர் தள்ளாடினாரா, விபத்து நேர்ந்ததா என்ற வினாக்களுக்கு இங்கு இடமில்லை; அளவு மிகுந்தாலே குற்றம். வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவிற்குப் போதைப் பொருளின் வயப்பட்டு ஓட்டுவதும் இப்பிரிவிலேயே அடங்கும்.

முதன்முறை குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இத்தொகைகள் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உயர்த்தப்பட்டவை. குற்றம் உறுதியானால் ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஓட்டுநர் உரிமத்திற்குத் தகுதியிழப்பும் உண்டு. இது சாலையோரத்தில் காவலரிடம் பணம் செலுத்தி முடித்துக்கொள்ளத்தக்க குற்றமன்று; நீதிமன்றத்திற்குச் செல்ல வேண்டியது. "இங்கேயே முடித்துவிடலாம்" என்று எவரேனும் கூறின், அதற்கு உடன்படுதல் இரண்டாவது குற்றத்திற்கு வழியாகும்.

மோர் அருந்தினால், எலுமிச்சை பிழிந்து குடித்தால், குளிர்ந்த நீரில் குளித்தால் போதை இறங்கிவிடும் என்பது மக்களிடையே வழங்கும் நம்பிக்கை. அது உண்மையன்று. மதுச்சாரத்தைச் சிதைப்பது கல்லீரலே. மணிக்கு ஏறத்தாழ 15 மில்லி கிராம் என்ற அளவிலேயே அது குறையும். நள்ளிரவில் 120 மில்லி கிராம் இருந்தவர்க்கு அது 30ஆகக் குறைய விடியற்காலை ஆறு மணியாகும். உறங்கி எழுந்த ஓட்டுநரும் காலையில் குற்றவாளியாகலாம் என்பதை வேன் அமர்த்துவோர் மனங்கொள்க.

மூச்சுச் சோதனை

இச்சட்டத்தின் 203ஆம் பிரிவின்படி, ஓட்டுநர் மதுவருந்தியுள்ளார் என ஐயுறுவதற்குத் தக்க காரணம் இருப்பின், சீருடையணிந்த காவல் அதிகாரி அவரை மூச்சு மாதிரி தருமாறு கேட்கலாம். பிரெத் அனலைசர் என வழங்கும் கருவி மூச்சிலுள்ள மதுச்சாரத்தை அளந்து, அதனைக் கொண்டு இரத்தத்திலுள்ள அளவைக் கணக்கிட்டுக் காட்டும்.

சில இருமல் மருந்துகளிலும் வாய் கொப்பளிக்கும் நீர்மங்களிலும் சிறிதளவு மதுச்சாரம் உண்டு. அது வாயில் எஞ்சியிருக்கும்போது ஊதினால் கருவி உயர்ந்த அளவைக் காட்டக்கூடும். இந்த எச்சம் பெரும்பாலும் பதினைந்து நிமிடங்களுக்குள் நீங்கிவிடும். ஆகவே மது அருந்தாதவர் பதற்றமின்றி, தாம் உட்கொண்ட மருந்தினைத் தெரிவித்து, வாயை நீரால் கொப்பளித்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் ஊத வாய்ப்பளிக்குமாறு பணிவுடன் கேட்க வேண்டும். கருவியில் புதிய குழல் பொருத்துமாறு கேட்பதும் முறையே.

ஊத மறுப்பது அறிவுடைமையன்று. மறுத்தவர்மீது தக்க ஐயம் இருப்பின் அவரைப் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். நியாயமான காரணமின்றி மறுத்தமையை வழக்கில் அவர்க்கு எதிரான சான்றுகளுக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் கொள்ளலாம் என 205ஆம் பிரிவு கூறுகின்றது. "எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லக் கூடாதன்றோ" எனச் சிலர் வாதிடுவர். அரசியலமைப்பின் 20(3)ஆம் உறுப்பு அப்பாதுகாப்பை அளிப்பது மெய்யே. ஆனால் கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றைத் தருவது தனக்கெதிராகச் சாட்சி கூறுவதாகாது என 1961ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கொண்ட ஆயம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே "எங்கே குடித்தாய், எவ்வளவு குடித்தாய்" என்ற வினாக்களுக்கு விடை கூறாது இருக்கலாம். அந்த உரிமையைக் காட்டி மூச்சுச் சோதனையைத் தவிர்த்தல் இயலாது.

இரத்தச் சோதனை

கைதானவரிடம், காவல் நிலையத்தில், பதிவு பெற்ற மருத்துவர் வாயிலாக இரத்த மாதிரி எடுக்க 204ஆம் பிரிவு வழி செய்கின்றது. மாதிரியை அரசு நிறுவிய அல்லது அரசு ஏற்பளித்த ஆய்வகத்திலேயே சோதிக்க வேண்டும். இரத்தம் தருபவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருப்பின், மற்றொரு பெண் உடனிருக்கும்போதுதான் மாதிரி எடுக்கப்பட வேண்டும்.

விபத்தில் காயமுற்று மருத்துவமனையில் உள்நோயாளியாக இருப்பவரை இச்சோதனையின் பெயரால் கைது செய்தல் ஆகாது. சோதனை அவருடைய சிகிச்சைக்கு ஊறு விளைவிக்கும் என மருத்துவர் தடுத்தால் மூச்சு மாதிரியும் கேட்கலாகாது.

மது வாடை வீசியது, நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது என்பவை மட்டுமே ஒருவர் மதுவருந்தினார் என நிறுவப் போதுமானவை அல்ல என 1971இல் மகாராஷ்டிர மாநில வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் கூறியது. இரத்தச் சோதனை குற்றம் செய்தவரைக் காட்டிக் கொடுப்பது. அதுவே செய்யாதவரைக் காப்பதும் ஆகும்.

கைதானவரின் உரிமைகள்

காவல் நிலையத்திலிருந்து நள்ளிரவில் தொலைபேசி வரும் வீட்டில் முதலில் தோன்றுவது அச்சமும் நாணமுமே. அந்த நேரத்தில் கீழ்க்கண்டவற்றை அறிந்திருத்தல் பெரிதும் பயன்படும். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அரசியலமைப்பிலும் மோட்டார் வாகனச் சட்டத்திலும் உள்ளவை இவை.

1. கைதுக்கான காரணத்தை உடனே அறியும் உரிமை. காரணத்தைக் கைதானவர்க்குப் புரியும் மொழியில் எழுத்து வடிவில் தர வேண்டும் என்றும், உடனடியாக இயலாவிடின் நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்திற்கு முன்பேனும் தர வேண்டும் என்றும் 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் விதித்தது.

2. கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதப்பட்டு, குடும்பத்தினரோ அவ்விடத்து மதிப்பிற்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும்.

3. உறவினர் அல்லது நண்பர்க்குத் தகவல் தெரிவிக்கப்பட வேண்டும்.

4. விசாரணையின்போது வழக்குரைஞரைச் சந்திக்கும் உரிமை உண்டு. காவலில் உள்ளவர் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர். இதற்கான தேசியத் தொலைபேசி எண் 15100.

5. காவல் அதிகாரி தம் முன்னிலையில் இக்குற்றம் நிகழக் கண்டு கைது செய்தால், இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவர் மூலம் சோதனை நடத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். இது 202ஆம் பிரிவின் கட்டளை. ஆதலின் கைதான நேரத்தைக் குறித்துக்கொள்க.

6. இது பிணையில் விடத்தக்க குற்றம். பிணை என்பது இங்கு எவரும் காட்டும் சலுகையன்று, உரிமை.

7. பயண நேரம் நீங்கலாக, இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டும்.

8. உரிமத்தைக் காவலர் கைப்பற்றினால் ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும். ஆயின் அச்சீட்டைக் கொண்டு வாகனம் ஓட்டுதல் கூடாது.

எழுதாத தாளில் கையொப்பமிட வேண்டா. வாய்ச்சண்டை வேண்டா. அதிகாரியைத் தள்ளுதல், தடுத்தல் முதலியன புதிய வழக்கிற்கே வழிகோலும்.

உடன் செல்வோரும் உரிமையாளரும்

இக்குற்றத்திற்குத் துணை நிற்பவர்க்கும் அதே தண்டனை என 188ஆம் பிரிவு கூறுகின்றது. இதனைக் கொண்டே, மதுவருந்திய ஓட்டுநருடன் பயணம் செய்வோர் மீதும் நடவடிக்கை எடுக்கப்படும் எனச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது. "நான் குடிக்கவில்லையே" என்ற விடை பின்னிருக்கையில் அமர்ந்தவரை எப்போதும் காக்காது.

வண்டி உரிமையாளர் கருத வேண்டியது மற்றொன்றும் உண்டு. விபத்தில் பிறர்க்கு இழப்பீடு தரும் பொறுப்பை மறுக்கக் காப்பீட்டு நிறுவனம் எடுத்துரைக்கத்தக்க காரணங்களுள், மதுவருந்தி ஓட்டுதலும் 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. ஓட்டுநர் அருந்திய மதுவிற்கு உரிமையாளரின் நிலமும் வீடும் விலையாகும் நிலை நேரலாம். திருவிழா நாட்களில் டிராக்டரின் சாவியை எவர் கையில் தருகின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்போம்.

உயிரிழப்பு நேர்ந்தால்

2006 நவம்பரில் மும்பையின் கார்ட்டர் சாலையில், மதுவருந்திய இளைஞர் ஒருவர் ஓட்டிய கார், நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்மீது ஏறியது. எழுவர் மாண்டனர். முதலில் கவனக்குறைவால் விளைந்த மரணம் எனக் கருதி ஆறு மாதச் சிறையே விதிக்கப்பட்டது. மும்பை உயர்நீதிமன்றம் அதனைக் கொலையாகாத மரணம் விளைவித்தல் எனக் கொண்டு மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2012இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. மது அருந்தி வேகமாக ஓட்டினால் உயிர் போகும் என்பதை ஓட்டுபவர் அறிவார். அறிந்தே செய்தது வெறும் கவனக்குறைவாகாது என்பதே இதன் கருத்து.

நிறைவாக

குடித்து ஓட்டியவனுக்கு உரிமை ஒரு கேடா என நம்மவர் சிலர் சினத்துடன் கேட்பதுண்டு. அச்சினம் மாண்டவர்பால் கொண்ட இரக்கத்தில் பிறந்தது, அதனை மதிக்கின்றோம். ஆயினும் சோதனை முடியும் வரை, நிறுத்தப்பட்டவர் குடித்தவரா, இருமல் மருந்து அருந்தியவரா என்பதை எவரும் அறியார். முறையான சோதனை, எழுத்தில் காரணம், குறித்த காலம் ஆகியவை இருந்தால்தான் குற்றமற்றவர் வெளியே வருவார். குற்றவாளியும் தப்பாமல் தண்டனை பெறுவார்.

எனவே நம் ஓட்டுநரோ உறவினரோ கைதானால் அவரைக் கைவிடாது காவல் நிலையம் செல்வோம், வழக்குரைஞரை அமர்த்துவோம், பிணை பெறுவோம். அதே வேளையில் அவர்க்காகப் பொய் கூறுதல், வேறொருவர் ஓட்டியதாகக் காட்டுதல், கையூட்டுக் கொடுத்தல் ஆகியவற்றைச் செய்யாதிருப்போம். வாய்மை என்னும் அணுவிரதம் காவல் நிலைய வாயிலோடு நின்றுவிடுவதில்லை. இவற்றை வீட்டிலுள்ள இளைஞரோடு அமர்ந்து ஒருமுறை படித்து, வண்டியின் சாவியை அடுத்த முறை தரும்போது நினைவில் கொள்ளுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.