மாதப் பெட்டி வியாபாரம்



மாதந்தோறும் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, மாதந்தோறும் ஒரு பெட்டிச் சாமானை வீட்டுக்கே அனுப்பிவைக்கும் வியாபாரம் இப்போது பல தேசங்களிலும் நடந்து வருகிறது. நம்மவர்களில் சில இளைஞர்களும் இதில் இறங்க ஆசைப்படுகிறார்கள். மசாலாப் பெட்டி, பேரீச்சம்பழப் பெட்டி, நோன்புக் கஞ்சிச் சாமான் பெட்டி என்று யோசனைகள் வருகின்றன. யோசனைகள் நல்லவையே. ஆனால் பெட்டியின் நிறத்தையும் ரிப்பனையும் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அதற்காக வாங்குகிற முன்பணத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

நம் பெரியவர்கள் ஈப்போவைச் சுற்றிய பால்மரத் தோட்டங்களுக்குச் சாமான் கொடுத்த முறையை எல்லோரும் அறிவார்கள். அரிசி, பருப்பு, கருவாடு என்று மாதம் முழுவதும் பற்று எழுதிக் கொடுத்து, சம்பள நாளில் போய் வசூல் செய்வார்கள். அங்கே கடன் கொடுத்தவர் வியாபாரி. மாதப் பெட்டியில் இது தலைகீழாகிவிடுகிறது. பணம் முதலில் வருகிறது, சாமான் பிறகு போகிறது, கடன்பட்டவர் வியாபாரியேதான்.

இதை ஒரு கணக்கால் பார்ப்போம். பெட்டி ஒன்று 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சாமான் கிரயம் 36, அட்டைப் பெட்டியும் கட்டும் செலவும் 3, அனுப்பும் கூலி 8, பாங்குக் கழிவு 1, உடைசல் சேதத்துக்கு 2. ஆக 50 வெள்ளி. மிச்சம் 10. இருபது பேர் ஒரு வருஷச் சந்தாவை ஒரே தடவையில் கட்டிவிட்டால் 14,400 வெள்ளி கைக்கு வரும். முதல் பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு அதில் நமக்குச் சொந்தமானது 200 வெள்ளி மாத்திரமே. மற்றதெல்லாம் இனி அனுப்ப வேண்டிய 11 பெட்டிகளுக்கு உரியது. இந்த 14,400ஐக் கண்டு கடைக்கு வேன் வாங்கினவர் ஆறாம் மாதம் சாமான் வாங்க எங்கே போவார்? மிளகாய் வற்றல் விலை ஏறினாலும் அவர் பழைய விலைக்கே கொடுத்தாக வேண்டும். ஆகவே முன்பணத்துக்குத் தனிப் பாங்குக் கணக்கு அவசியம். பெட்டி வீட்டைச் சேர்ந்த அன்றுதான் அந்த மாதத்துப் பணம் வரவில் ஏற வேண்டும். ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்காதிருப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

முன்பணத்தால் இரு தரப்புக்கும் நன்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆவின் கூட்டுறவு நிறுவனம் சென்னைவாசிகளுக்கு மாதப் பால் அட்டை விற்று வருகிறது. முன்னதாகப் பணம் கட்டியவருக்குச் சில்லறை விலையைவிடக் குறைவாகப் பால் கிடைக்கிறது. எந்தத் தெருவுக்கு எத்தனை பாக்கெட் என்பது நிறுவனத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஆனால் பால் நாள்தோறும் தீர்ந்து போகிற பண்டம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெட்டி வியாபாரத்துக்கே உரிய உதாரணமும் சென்னையில் இருக்கிறது. 2013இல் அருண்பிரசாத் துரைராஜ், விஜய்பாபு காந்தி, ஸ்ரீநிதி ஸ்ரீரங்கம் என்ற மூவர் பிளிண்டோபாக்ஸ் என்னும் பெட்டியைத் தொடங்கினார்கள். சிறு குழந்தைகள் கையால் செய்து பழகும் விளையாட்டுச் சாமான்களை, வயதுக்குத் தக்கபடி, மாதம் ஒரு பொருளைப் பற்றியதாக அனுப்பினார்கள். 2020இல் கொரோனாவால் பாலர் பள்ளிகள் மூடப்பட்டபோது, பள்ளிப் பாடத்தையே பெட்டியில் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தார்கள். இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், குழந்தை மாதத்துக்கு மாதம் வளர்கிறது; சென்ற மாதத்துப் பெட்டி இந்த மாதத்துக்கு உதவாது. அடுத்த பெட்டியைக் கேட்பதற்கான காரணம் சரக்குக்குள்ளேயே இருக்கிறது.

நம் மசாலாப் பெட்டிக்கு அந்தக் காரணம் உண்டா? கறிமசாலாத் தூள் கால் கிலோ ஒரு சிறு குடும்பத்துக்கு ஒரு மாதத்தில் தீராது. மூன்றாம் பெட்டி வரும்போது முதல் பெட்டியின் தூள் அலமாரியில் கிடக்கும். நான்காம் மாதம் அந்த வீட்டு அம்மா "போதும் தம்பி" என்று சொல்லிவிடுவார். ஆகவே தீருகிற சாமானை, தீருகிற அளவில், வேண்டுமானால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும். ஒரு மாதம் நிறுத்திவைக்கவும் வழி விட வேண்டும். (அரிசியைத் தபாலில் அனுப்ப நினைப்பவர்கள் தயவு செய்து முதலில் எடைக் கூலியை விசாரிக்கவும்.)

விலகுகிறவர்களைப் பற்றிய கணக்குத்தான் இந்த வியாபாரத்தின் உயிர். மாதம் 10 பேர் புதிதாகச் சேர்கிறார்கள், இருப்பவர்களில் நூற்றுக்கு 10 பேர் மாதந்தோறும் விலகுகிறார்கள் என்றால், எத்தனை வருஷம் நடத்தினாலும் 100 பேருக்கு மேல் வளராது; அந்த எண்ணிக்கையில் வருகிற பத்தும் போகிற பத்தும் சமமாகிவிடும். விலகுகிறவர்களை நூற்றுக்கு 5 ஆகக் குறைத்தால் அதே உழைப்புக்கு 200 பேர் வரை போகலாம். விளம்பரத்துக்குக் காசு செலவழிப்பதற்கு முன், விலகியவரிடம் போய்க் காரணம் கேட்பது லாபம். மேலே சொன்ன கணக்கில், ஒருவரைச் சேர்க்க 30 வெள்ளி தள்ளுபடி கொடுத்தால் அவர் மூன்று பெட்டி வாங்கும் வரை நமக்கு ஒரு காசும் மிஞ்சாது.

அமெரிக்காவில் பெரிய முதலுடன் நடந்தவர்களும் இந்தக் கணக்கிலேதான் இடறினார்கள். 2012இல் நியூயார்க்கில் தொடங்கிய புளூ ஏப்ரன் என்னும் கம்பெனி, சமையலுக்கு வேண்டியவற்றை அளந்து பெட்டியில் அனுப்பியது. விளம்பரத்துக்கும் தள்ளுபடிக்கும் ஏராளமாகச் செலவழித்து ஆள் சேர்த்தது. தள்ளுபடி தீர்ந்ததும் பலர் விலகினார்கள். 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது சுமார் 190 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட அது, 2023இல் சுமார் 10 கோடி டாலருக்கு விலை போயிற்று.

இனி மார்க்க விஷயம். முன்பணம் வாங்கிப் பின்னர் சரக்குக் கொடுக்கும் ஸலம் வியாபாரம் அனுமதிக்கப்பட்டதே. ஆனால் சரக்கின் இனமும் தரமும் அளவும், கொடுக்கும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும். "உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்தால்தான் தெரியும்" என்று விற்கப்படும் அதிசயப் பெட்டிகளில் கரர், அதாவது இன்னதென்று தெரியாத நிலை, இருக்கிறது. பட்டியலை முன்னதாக அனுப்பி, சம்மதம் பெற்று, அந்த மாதத்துக்கு மட்டும் பணம் வாங்கினால் சிக்கல் குறையும். நீண்ட தவணைக்கு ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். என்னும் கம்பெனிகள் ஆணையத்தில் பதிய வேண்டும்; சொந்தப் பெயரானால் வருஷம் 30 வெள்ளி, வியாபாரப் பெயரானால் 60. மூட்டையாக வாங்கியதை நம் பையில் பிரித்துக் கட்டினால், மூட்டையின் மேலிருந்த ஹலால் முத்திரையை நம் பையில் அச்சடிக்கலாகாது. 2011ஆம் ஆண்டின் உத்தரவுப்படி சான்றிதழ் பெற்றவரே அதை இடலாம். மாதாமாதம் கட்டச் சொல்லிப் பெருநாளுக்கு ஒரு பெரிய பெட்டி தருகிற யோசனையில் மிகவும் ஜாக்கிரதை வேண்டும். தமிழ்நாட்டில் தீபாவளிச் சீட்டு என்ற பெயரில் இப்படி வசூலித்துத் தலைமறைவானவர்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். மலேசியாவில் கூட்டுச் சீட்டைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உரிமமின்றி மக்களிடம் வைப்புத்தொகை வாங்குவதும் குற்றம். குலுக்கல், "கட்டியதற்கு மேல் திருப்பித் தருகிறோம்" என்ற பேச்சு, இரண்டுமே வேண்டாம்.

தொடங்குகிறவர் முதலில் ஜெலாப்பாங், சிலிபின், மெங்லெம்பு பகுதிகளில் தெரிந்த 20 வீடுகளைப் பிடித்து, மூன்று மாதம் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். வாசலில் நிற்கும்போது எந்தச் சாமான் தீர்ந்தது, எது மீந்தது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். நான்காம் மாதமும் அந்த 20 பேரில் 15 பேராவது பணம் கட்டினால், அதன்பிறகு தபாலுக்கு அட்டைப் பெட்டி அச்சடிக்கக் கொடுக்கலாம்.