சிவப்பழகு மாத்திரை வாங்கப் போகிறீர்களா?

கல்லூரி எதிரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். எந்த மாத்திரைக்கு மவுசு என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். இப்போது சிவப்பழகுக்கென்று குளுட்டாதயோன். பாதிப் பிள்ளைகள் ரீல்ஸ் பார்த்துவிட்டு வருகிறார்கள். மீதிப் பேரை அம்மாக்களே கூட்டி வருகிறார்கள். "மாப்பிள்ளை வீட்ல வர்றதுக்குள்ள கொஞ்சம் கலர் வந்துடுமா தம்பி?"

குளுட்டாதயோனும் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்தான்; முதலில் அதே வரிசையில் உள்ள மற்றவற்றைப் பார்ப்போம். வைட்டமின் சி-க்கு அதிகம் யோசிக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கில் நாளொன்றுக்குப் பெண்ணுக்கு 65 மி.கி., ஆணுக்கு 80 மி.கி. போதும். 500 மி.கி. மாத்திரையில் மிஞ்சுவதில் பெரும்பகுதி சிறுநீரில்தான் போகும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆகாது. வைட்டமின் இ-யைச் சத்துதானே என்று மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். தினமும் 400 யூனிட் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக அமெரிக்காவின் 'செலக்ட்' ஆய்வு 2011-இல் சொன்னது. புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரைப் பக்கமே போகக்கூடாது. நுரையீரல் புற்றுநோயை அது கூட்டியதை 1994-இலேயே பின்லாந்தில் கண்டார்கள்.

குளுட்டாதயோனுக்கு வருவோம். மூன்று அமினோ அமிலங்களைக் கோத்து நம் உடம்பே இதைத் தயாரித்துக்கொள்கிறது, கல்லீரலில்தான் அதிகம். வாயில் போட்டால் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடும். தோல் சற்று வெளுத்ததாகச் சொல்லும் ஆய்வுகள் சிறியவை, சில வாரங்களே நடந்தவை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். முன்பக்கத்துப் பளபளப்பில் அதை யாரும் படிப்பதில்லை. விற்கிற நானே சொல்கிறேன், காசுக்குப் பிடித்த கேடு.

ஊசி இன்னும் மோசம். தோல் வெளுக்க இதை ஊசியாகப் போடுவதைப் பற்றி பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே எச்சரித்தது. தோல் கழன்று உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு என்று அதன் பட்டியல் நீளும்.

என் ஓட்டு கொய்யாவுக்குத்தான். ஒரு பழத்திலேயே இரண்டு நாளுக்கான வைட்டமின் சி வந்துவிடும். வெயிலில் கருத்தது சில மாதத்தில் தானே தெளியும், பிறவி நிறம் மாறாது. பெற்றோர்களே, பிள்ளையின் கையில் என்ன திறமை இருக்கிறதென்று பாருங்கள். நல்ல வரன் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

கர்ப்பிணிகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடாதீர்கள். பார்லரில் ஊசியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.