அடைமழைக்கு முன் மணிலா வாத்து
புரட்டாசி, ஐப்பசி மாதங்களுக்கான ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில வாரங்களே எஞ்சியிருக்கும் இந்தப் புரட்டாசிக் கடைசியில், வீட்டுக் கொல்லையில் முதன்முதலாக மணிலா வாத்து வளர்க்க விரும்புகிறவர்கள் பலரிடம், வாத்து நீர்வாழ் பட்சியாதலால் மழைக்காலமே அதற்கு மிகவும் உகந்தது என்ற அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் வருஷம் முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த அபிப்பிராயத்தை நம்பி ஆயத்தமின்றி இருப்பது எவ்வளவு அபாயம் என்பது விளங்கும். வாத்துக்கு நீர் அவசியம். ஆனால் இரவில் அது படுக்கும் இடத்திலும், அது உண்ணும் தீனியிலும் ஈரம் அணுகவே கூடாது. இப்போது செய்ய வேண்டிய காரியங்கள் எல்லாம் இந்த ஒன்றை ஒட்டியவையே.

மஸ்கோவி என்று நூல்களில் குறிக்கப்படும் இந்த ஜாதி, மற்ற வீட்டு வாத்துகளோடு பிறப்பால் சேர்ந்ததன்று. ஏனைய வீட்டு வாத்துகள் மல்லார்டு என்னும் காட்டு வாத்தின் சந்ததிகளாக இருக்க, இதன் பூர்வீகமோ மெக்ஸிகோவும் மத்திய, தென் அமெரிக்கப் பிரதேசங்களும் ஆகும். ஐரோப்பியர் அங்கே கால்வைப்பதற்கு முன்பே சுதேச மக்கள் இதைப் பழக்கி வளர்த்து வந்தனர். காட்டில் மரக்கிளைகளில் தங்கி, மரப்பொந்துகளில் முட்டையிடும் சுபாவம் உடையதாதலின், கூரிய நகங்களும் பறக்கும் வலிமையும் இதற்கு உண்டு. முகத்தில் சிவந்த சதைத் திரட்சி கொண்ட ஆண் வாத்து நான்கு, ஐந்து கிலோவும் அதற்கு மேலும் நிறைய, பெட்டை அதில் பாதியளவே இருக்கும். இவை மற்ற வாத்துகளைப் போல் ஓயாமல் கூச்சலிடுவதில்லை. ஆண் சீறும், பெட்டை மெல்லிய குரலில் முனகும். அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாத பட்சி இது என்று தயங்காமல் சொல்லலாம். இறகுக்கு எண்ணெய் தரும் சுரப்பி இந்த ஜாதியில் அவ்வளவு வளமாக இல்லாமையால், நெடுநேரம் நனைந்தால் உடல் உலர்வதற்குத் தாமதமாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை கூடு. ஓர் ஆணும் நான்கு பெட்டைகளும் கொண்ட சிறு குடும்பத்துக்கு 6 அடி நீளமும் 5 அடி அகலமும் போதும். கொல்லையில் மழைநீர் தேங்காத மேட்டைத் தேர்ந்து, தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஓரடியாவது உயர்த்தி, நீர் வடிவதற்குச் சிறு சரிவு விட்டு, பழைய கீற்றுகளை மாற்றிப் புதுக் கூரை வேய்ந்துவிடுங்கள். சாரல் அடிக்கும் பக்கத்துக்குச் சாக்குப் படுதா கட்டலாம். ஆனால் நான்கு புறமும் மூடிவிடாமல், கூரைக்குக் கீழே காற்று புகுந்து வெளியேறும் இடைவெளி இருக்க வேண்டும். எச்சத்திலிருந்து எழும் நெடி வெளியேற வழியின்றித் தங்கினால் கண்ணும் சுவாசமும் கெடும். தரையில் நான்கு அங்குல உயரத்துக்கு உலர்ந்த உமியைப் பரப்பி, அடைமழை நாட்களில் தினமும் கிளறிவிட்டு, நனைந்த பகுதியை அன்றன்றே அள்ளி எடுத்துப் புது உமி இட வேண்டும். இதற்காக இரண்டு மூன்று மூட்டை உமியை இப்போதே வாங்கி மழை படாத இடத்தில் அடுக்கி வைப்பது புத்திசாலித்தனம். கீரியும் மரநாயும் தெரு நாயும் மழை இரவுகளில் கூட்டைத் தேடி வருமாதலால், கம்பி வலையின் அடிப்பகுதி தரைக்குள் புதைந்திருப்பது நல்லது. பறந்து மதிலேறும் வாத்துகளுக்கு ஒரு பக்க இறக்கையின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்தால் போதும். இறகு உதிர்ந்து முளைத்தபின் மறுபடியும் கத்தரிக்க நேரும்.

இனி, எந்த வயதில் வாங்குவது? முதல்முறை வளர்ப்பவர் இந்தப் பருவத்தில் ஒருநாள் குஞ்சுகளை வாங்கவே வேண்டாம் என்பது என் திடமான ஆலோசனை. முதல் வாரத்தில் 32 டிகிரி உஷ்ணமும், பிறகு வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைத்தும் கொடுக்க வேண்டிய அந்தச் சிறு உயிர்களை, மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் மழை இரவுகளில் காப்பாற்றுவது அனுபவசாலிகளுக்கே சிரமமான காரியம். தாயின்றிப் பொரித்த குஞ்சின் மென்தூவியில் நீரைத் தடுக்கும் எண்ணெய்ப் பசையும் இராது. நனைந்தால் குளிரில் விறைத்துவிடும். உடம்பு முழுவதும் இறகு மூடிய, இரண்டரை மாதம் கடந்த வாத்துகளை, கண் தெளிவும் நேரான நடையும் பார்த்து வாங்குங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிவரும் வழக்கம் கொடிது. இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து எடுத்து வர வேண்டும்.

தீனியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மழைக்காலத்தின் பெரிய சத்துரு அங்கேதான் மறைந்திருக்கிறது. 1960ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புலப்படாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, பிரேஸிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. அந்தப் பூஞ்சை விஷத்துக்குப் பின்னர் அஃப்ளாடாக்ஸின் என்று பெயரிட்டனர். அவ்விஷம் வாத்துக் குஞ்சுகளை எவ்வளவு விரைவில் தாக்கும் என்றால், தீனியில் அது கலந்திருக்கிறதா என்று சோதிப்பதற்கே விஞ்ஞானிகள் வாத்துக் குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள். கோழி தாங்கிக்கொள்ளும் அளவுகூட வாத்தின் கல்லீரலைச் சிதைத்துவிடும். நம் வீடுகளில் கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் தவிடும் ஐப்பசி ஈரத்தில் எளிதில் பூஞ்சை பிடிக்கும் பண்டங்கள். கையில் எடுத்தால் கட்டியாக ஒட்டுவதும், மக்கல் வாடை வீசுவதும், பச்சையோ கறுப்போ படர்ந்திருப்பதுமான தீனியைக் கழுவியோ காயவைத்தோ கொடுக்கலாம் என்ற சிக்கனம் வேண்டாம், குழியில் புதைத்துவிடுங்கள். மழை முடியும்வரை கடலைப் பிண்ணாக்கையே தவிர்ப்பது உத்தமம். ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவே வாங்கி, மூடியுள்ள டப்பாவில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். குருணை, கம்பு, நல்ல தவிடு இவற்றோடு கீரையும் அசோலாவும் கொடுத்தால், மழைக்குத் தழைக்கும் புல்லையும் நத்தை, புழு, கொசுப்புழு முதலியவற்றையும் அவை தாமே தேடிக்கொள்ளும். குழைத்த தீனியில் மீந்ததை மாலைக்குள் அகற்றிவிட வேண்டும்.

குளம் வெட்ட வேண்டியதில்லை. அலகும் கண்ணும் நாசித்துவாரமும் மூழ்கும் அளவுக்கு ஆழமுள்ள தொட்டி ஒன்று, கூட்டுக்கு வெளியே சற்றுத் தூரத்தில் இருந்தால் போதும். தினமும் நீரை மாற்றி, பழைய நீரை வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சலாம். கூட்டுக்குள் நீர்த்தொட்டி வைத்தால் படுக்கை முழுவதும் ஒரே இரவில் சகதியாகிவிடும்.

ஐப்பசியில் தீபாவளி வருகிறது. வாத்துகள் தரையில் மின்னுவதையெல்லாம் கொத்தி விழுங்கும் இயல்புடையவை. மத்தாப்புக் கம்பியின் துண்டுகள் இரைப்பையைக் குத்திக் கிழிக்கும். அன்றும் மறுநாளும் கொல்லையைப் பெருக்கி, சிதறிய வெடிமருந்தையும் கம்பிகளையும் பொறுக்கிய பிறகே வாத்துகளைத் திறந்துவிடுங்கள்.

வாத்துப் பிளேக் என்னும் கொள்ளைநோய் இந்த ஜாதியைக் கடுமையாகத் தாக்கும். எட்டு வாரம் கடந்த வாத்துகளுக்கு அதற்கான தடுப்பூசி போடுவதைப் பற்றி அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் இப்போதே விசாரியுங்கள். வேடந்தாங்கல், கோடியக்கரை போன்ற இடங்களுக்கும் நம் ஊர் ஏரிகளுக்கும் வலசைப் பறவைகள் வந்திறங்கும் காலம் இதுவே ஆதலால், வீட்டு வாத்துகளை ஏரிக்கு மேய விடலாகாது; 2014 நவம்பரில் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் பறவைக் காய்ச்சலால் வாத்துகள் திரளாக அழிந்தன. ஒரே நாளில் இரண்டு மூன்று மடிந்தால், உடல்களை வெறுங்கையால் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இப்போது வாங்கும் வாத்துகள் ஆறு ஏழு மாத வயதில், அதாவது தையின் பிற்பகுதியிலோ மாசியிலோ முட்டையிடத் தொடங்கும். ஒன்றரை அடிச் சதுரமுள்ள பெட்டியில் வைக்கோல் பரப்பி இருண்ட மூலையில் வைத்தால், பெட்டை தானே பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்த்து அடையமரும். இந்த விஷயத்தில் அதற்கு நிகரான தாய் வாத்துகளில் வேறில்லை. நாளுக்கொரு முறை எழுந்து குளித்து ஈரத் தூவியோடு திரும்பினால் தடுக்காதீர்கள். முட்டைக்கு அந்த ஈரம் தேவை. சாதாரண வாத்து முட்டை 28 நாளில் பொரிக்கும். இதற்கோ 35 நாள் ஆகும். முதன்முறை வளர்ப்பவர்கள் முப்பதாம் நாளில் நம்பிக்கையிழந்து கூட்டைக் கலைத்துவிடாமல், 35 நாளும் கடந்து மேலும் இரண்டு நாள் பொறுத்திருங்கள்.